மூச்சும் மத்தமும்

ஊமத்தை என்ற பெயருக்குள் உன்மத்தம் இருக்கிறது. மத்தம் என்றால் அந்தச் செடி. மத்தம் என்றால் பைத்தியமும்தான். அதன் பூவைச் சடையில் சூடியவனுக்குப் பித்தன் என்று பெயர். இதே செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்தால் இரைப்பு அடங்கும் என்பது நம் நாட்டு வைத்தியத்துக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஆனால் பெயர் வைத்தவர்கள், அது எதைக் குணப்படுத்துகிறது என்பதை வைத்துப் பெயரிடவில்லை. எதைக் கலைக்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டார்கள். எச்சரிக்கையே பெயராக இருந்தது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் புகையை ஆஸ்துமாவுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அதைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். சீக்கிரத்திலேயே ஐரோப்பாவில் வளரும் இன்னொரு ஊமத்தை இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இருபதாம் நூற்றாண்டிலும் வெகுதூரம், ஆஸ்துமா சிகரெட் என்றே கடைகளில் விற்றார்கள். வைத்தியம் கப்பலேறியது, மத்தம் என்ற பெயர் கரையிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சிகரெட்டையும் பொடிப்புகையையும் இழுத்தவர்களில் மார்செல் ப்ரூஸ்த் ஒருவர். ஒன்பது வயதில் வந்த இழுப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய வாக்கிய அமைப்பு, மூச்சுத் திணறிவிடும் என்ற பயத்தின் லயத்தையே திரும்பச் செய்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1929ல் எழுதிய கட்டுரையில் சொல்கிறார். இலக்கிய விமர்சனத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு கருத்து இது. வியாதி நடையாக மாறிவிட்டது என்பதில் நமக்கு ஒரு திருப்தி இருக்கிறது. புகையைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஊமத்தையின் சத்து ரத்தத்தில் கலந்திருந்த இரவுகளில் அந்த மனம் கண்டதில் எது ப்ரூஸ்த், எது இலை என்று கேட்பது அநாகரிகமாகப் படுகிறது.

நான் பேச வந்தது இந்த அநாகரிகத்தைப் பற்றித்தான். வியாதிக்கு இலக்கிய அந்தஸ்து உண்டு. க்ஷயத்துக்கு இருந்தது, வலிப்புக்கு இருந்தது, மனச்சோர்வுக்கு இன்றும் இருக்கிறது. பக்கவிளைவுக்கு அந்தஸ்து கிடையாது. துக்கத்தினால் சோர்ந்தவன் ஞானி ஆகலாம். மாத்திரையினால் சோர்ந்தவன் மாத்திரை சாப்பிட்டவன், அவ்வளவுதான். ‘பக்க’ என்ற சொல்லே இந்தத் தரவரிசையைச் செய்து முடித்துவிடுகிறது. நுரையீரலை நடுவில் வைத்துப் பார்த்தால் மனம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மருந்தை விழுங்குகிறவன் நுரையீரலுக்குள் குடியிருப்பதில்லை.

*

1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாதத்தால் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, பின்னால் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற பொருளை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950ல் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஆஸ்துமாக்காரர்களுக்கும் அது உயிர் கொடுத்தது. இழுப்பு முற்றும்போது இன்றும் கொடுக்கிற ப்ரெட்னிசலோன் அதன் வாரிசு. அது மனதையும் தொடுகிறது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. சிலர் அழுதார்கள். சிலர் இரவெல்லாம் விழித்து உலகத்தைத் திருத்தத் திட்டம் போட்டார்கள். 1972ல் பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளை வைத்துச் செய்த கணக்கெடுப்பு இதை அளந்தது. நாளொன்றுக்கு 40 மி.கி. வரை ப்ரெட்னிசோன் சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநிலைக் கோளாறு, 80 மி.கி.க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். சித்தம் கலங்குவது மருந்தின் எடையோடு ஏறுகிறது.

நிகோலஸ் ரே 1956ல் எடுத்த ‘பிகர் தேன் லைஃப்’ இதைப் பற்றிய படம். நியூயார்க்கர் பத்திரிகையில் முந்தைய ஆண்டு பெர்ட்டன் ரூஷே எழுதிய உண்மை வைத்தியக் கட்டுரை ஒன்றுதான் அதற்கு மூலம். ஜேம்ஸ் மேசன் பள்ளிக்கூட வாத்தியாராக வருகிறார். சம்பளம் போதாமல் மனைவிக்குத் தெரியாமல் டாக்சிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற சாது. ரத்தக் குழாய் வியாதிக்குக் கார்ட்டிசோன் கொடுக்கிறார்கள். பிழைக்கிறார். அளவை மீறிச் சாப்பிடுகிறார். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேவலமாகப் பேசுகிறார். மனைவி தன் அறிவுக்கு ஈடில்லை என்று கண்டுபிடிக்கிறார். கடைசியில் ஆபிரகாம் கதையைப் படித்துவிட்டு மகனைப் பலியிடக் கிளம்புகிறார். ஆண்டவன் ஆபிரகாமைத் தடுத்துவிட்டாரே என்று மனைவி கெஞ்சும்போது, ஆண்டவன் செய்தது தவறு என்பது அவருடைய பதில்.

இந்தப் படத்தைப் பயங்கரமாக்குவது பைத்தியம் அல்ல, அதன் பரிச்சயம். அவர் பேசுகிற எதுவும் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை. வாத்தியாரின் பொறுமைக்கு அடியில் இருந்த அலுப்பு, ஏழைக் கணவனின் அவமானம், படித்தவனின் மமதை: எல்லாம் முன்பே இருந்தவை. மருந்து புதிதாக எதையும் எழுதவில்லை. இருந்ததைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தது. அப்படியானால் அது அவரேதானா? படம் பதில் சொல்லாமல், அதைவிடச் சங்கடமான இடத்தில் போய் நிற்கிறது. மருந்து இல்லாமல் அவர் பிழைக்க மாட்டார். ஆகவே சரியான அளவில், கண்காணிப்பில், அதையேதான் அவர் தொடர வேண்டும். குடும்பம் கட்டிக்கொள்ளும் கடைசிக் காட்சியில் நான் பார்த்தது ஆறுதலை அல்ல, ஒரு நிரந்தர நிபந்தனையை.

*

இப்போது பரவலாக இருக்கிற மாத்திரைக்கு வருகிறேன். மாண்டெலுகாஸ்ட். 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூச்சுக்குழலைச் சுருக்கி வீங்கவைக்கிற லூக்கோட்ரையீன் என்ற பொருள்கள் போய் ஒட்டும் இடத்தை இது அடைத்துக்கொள்கிறது. ஸ்டீராய்டு அல்ல, இரவில் ஒன்று, குழந்தைகளுக்கு மென்று தின்னும் வடிவத்திலேயே உண்டு. இதைவிடச் சாதுவான மருந்து இருக்க முடியாது என்று தோன்றும். கெட்ட கனவு, எரிச்சல், பதற்றம், காரணமில்லாத துக்கம், இருக்க வேண்டாம் என்ற எண்ணம் என்று புகார்கள் வரத் தொடங்கின. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008ல் ஆராயத் தொடங்கியது. 2009ல் மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. 2020 மார்ச்சில் தன்னிடம் இருப்பதிலேயே கடுமையானதான கட்டமிட்ட எச்சரிக்கையைப் போட்டது. சாதாரண மூக்கொழுக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் இதைக் கொடுங்கள் என்றும் சொன்னது.

இதில் தத்துவ விசாரணைக்குரிய ஒரு முரண் இருக்கிறது. அதே நிர்வாகம் பெருந்திரளான நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வும் செய்தது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களோடு ஒப்பிட்டால், மாண்டெலுகாஸ்ட் சாப்பிட்டவர்களிடம் மனக்கோளாறு அதிகமாக இருப்பதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஆஸ்துமாவோடு சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவது பழைய செய்தி. மருந்தையும் வியாதியையும் பிரிப்பது லேசல்ல. இருந்தும் எச்சரிக்கையைக் கட்டம் கட்டினார்கள். மருந்து மூளைவரை எட்டுகிறது என்று விலங்குச் சோதனைகள் சொன்னது ஒரு காரணம். இன்னொரு காரணம், மனிதர்கள் எழுதி அனுப்பிய விவரங்கள்: என் மகன் இப்படி இருந்ததில்லை, மாத்திரையை நிறுத்தினோம், பழையபடி ஆகிவிட்டான். நிறுத்திய பிறகும் சிலரைத் தொல்லை விடவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

சராசரி ஒன்றைச் சொன்னது. சாட்சிகள் வேறொன்றைச் சொன்னார்கள். சராசரி பொய் சொல்லவில்லை. லட்சம் பேரில் கரைந்துபோகிற சிலர் அந்தச் சிலருக்குள் கரைவதில்லை, அவ்வளவுதான். ஒருவன் தன் மனதைப் பற்றிச் சொல்கிற வார்த்தைக்கு ஆதாரம் என்ற மதிப்பு உண்டா? விஞ்ஞானத்தின் பேரால் இல்லை என்று சொல்ல நம்மில் பலர் தயார். விஞ்ஞானக் காரியாலயம் ஒன்றோ, தயங்கித் தயங்கி, பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு, உண்டு என்று சொல்லியிருக்கிறது.

*

என் விஷயத்தை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் மேலே எழுதியது செய்திக்குறிப்பாக நின்றுவிடும். சிறுவயதிலிருந்து எனக்கு இழுப்பு உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு இரவு மாத்திரையாக மாண்டெலுகாஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். இழுப்பு நன்றாகவே அடங்கியது. மூன்றாவது வாரத்தில் கனவுகள் தொடங்கின. அவற்றை விவரிக்கப் போவதில்லை. பிறர் கனவைக் கேட்பதைப் போன்ற அலுப்பு வேறில்லை. விடியற்காலையில் விழித்ததும் வருகிற ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இனி இருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். அதில் அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு நீட்டுகிற குமாஸ்தாவின் நிதானத்தோடு அது வந்தது.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. அது என் குரலில் பேசியது. என் வாக்கிய அமைப்பில், எனக்குப் பிடித்த சொற்களில், இருபது வருஷம் படித்த புத்தகங்களின் சாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசியது. அர்த்தமின்மை, அந்நியம், வெறுமை என்று நம் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய பதங்கள் எல்லாம் அதற்குக் கைவந்திருந்தன. மருந்துக்கென்று சொந்த பாஷை கிடையாது. அது நம் அலமாரியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

“ஒரு மாசமா நீங்க வேற ஆளா இருக்கீங்க” என்றாள் மனைவி. அவள்தான் நாட்களை எண்ணிப் பார்த்து மாத்திரை ஆரம்பித்த தேதியோடு பொருத்தினாள். டாக்டரிடம் சொன்னபோது, “எல்லாம் மனசுதான் சார். ஆஸ்துமாக்காரங்களுக்கு இப்படி இருக்கும்” என்றார். வேறொரு டாக்டர் கேட்டுக்கொண்டார், மாத்திரையை விலக்கி உள்ளிழுக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் விடியற்காலைகள் வெறும் விடியற்காலைகள் ஆயின. இது நிரூபணம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஒருவனுடைய கதையில் நிரூபணம் இருக்க இடமில்லை. சாட்சியத்துக்கு மட்டும்தான் இடம்.

*

இதைக் கேட்ட நண்பர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ‘அது நீ இல்லை, மாத்திரை’ என்றார்கள் சிலர். பிரியத்தில் சொன்னது. ஆனால் அந்த வார்த்தை என்னிடமிருந்து ஒரு மாதத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்த விடியற்காலைகளை அனுபவித்தவன் நான்தான். மாத்திரைக்கு வலிக்கவில்லை. ஒரு துக்கத்தின் காரணம் ரசாயனம் என்பதால் துக்கம் போலியாகிவிடாது. தேள் கொட்டிய வலிக்கும் காரணம் ரசாயனம்தான். அதைப் போலி வலி என்று யாரும் சொல்வதில்லை.

இன்னும் சிலர், ‘மாத்திரை ஒரு சாக்கு, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது’ என்றார்கள். இதில் ஓர் இலக்கிய ருசி இருக்கிறது, அதனாலேயே நான் இதை அதிகம் சந்தேகிக்கிறேன். உள்ளே எல்லோரிடமும் எல்லாமும் இருக்கிறது. இருப்பதில் எதற்குக் குரல் கொடுப்பது, எதை அடியில் வைத்திருப்பது என்ற ஓயாத வேலைக்குத்தான் சுயம் என்று பெயர். அந்த வேலைக்காரனை மயக்கிவிட்டு, வாசலில் வந்து நிற்பவனை வீட்டுக்காரன் என்று சொல்வது தரிசனம் ஆகாது.

இரண்டு பேரும் காரணத்தையும் நியாயத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று எனக்குப்படுகிறது. ஓர் எண்ணம் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. அது சரியா என்பது இன்னொன்று. மாத்திரையினால் வந்தது என்பதற்காக ஓர் எண்ணம் தப்பாகிவிடாது. உள்ளிருந்து என் குரலில் வந்தது என்பதற்காக அது சரியாகியும் விடாது. ஸ்டீராய்டு தருகிற பரவசத்துக்கும் இதுவே விதி. அந்த இரவுகளில் நாம் மேதை என்று தோன்றுவது எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாகத்தான் நாம் ஒன்றுமில்லை என்பதும் மற்ற இரவுகளில் தோன்றுகிறது. உறுதி என்பது எண்ணத்தின் எடையே ஒழிய அதன் உண்மை அல்ல.

அந்த மாதத்தில் மூன்று கவிதைகள் எழுதினேன். மேஜைக்குள் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். ஒன்று நின்றது, இரண்டு நிற்கவில்லை. நின்றதை எழுதியது யார் என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு கவிதையை எடைபோடக்கூடாது என்று நாம் வாதாடி வந்திருக்கிறோம். அது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த வாதம் செல்லுபடியாவது, கவிதை வெளியே காகிதத்தில் வந்து நின்று, இரண்டாவது வாசிப்புக்கு, பிறர் வாசிப்புக்குக் காத்திருக்க முடியும் என்பதால். இல்லாமல் போவது என்ற தீர்மானத்துக்கு இரண்டாவது வாசிப்பு கிடையாது. ஆகவே அது எவ்வளவு நல்ல தமிழில் வந்தாலும், எவ்வளவு படித்த தமிழில் வந்தாலும், கவிதைக்குச் செய்வதையாவது அதற்கும் செய்ய வேண்டும்: மேஜைக்குள் போடுவது, இன்னொருவரிடம் காட்டுவது. அடுத்த வரிக்கு இவ்வளவு கறாராக இருக்கிறவர்கள் அடுத்த நாளுக்கும் அப்படி இருக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொருவரிடம் காட்டுவது என்பதை ஒரு யோசனையாகச் சொல்லவில்லை. இந்தப் பிரச்னையின் அமைப்பே அதைக் கோருகிறது. அளவுகோலே வளைந்திருக்கும்போது அதை வைத்து அதன் வளைவை அளக்க முடியாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற சாட்சி என்று நம் மரபு பெரிதாகப் பேசுகிறது; அந்தச் சாட்சியும் அதே ரத்தத்தைத்தான் குடிக்கிறது. பக்கத்தில் இருந்து நாட்களை எண்ணுகிறவரின் கண் தேவைப்படுகிறது. அப்படிக் கேட்பது பலவீனம் அல்ல, அறிவின் ஒரு முறை. கேட்கப்படுகிறவருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது. மாத்திரைதான் என்றோ மனசுதான் என்றோ சீக்கிரமாகப் பெயர் வைக்காமல், சொல்வதைச் சொல்கிறபடி கேட்க வேண்டும். என் மனநிலைக்கு நான் பொறுப்பாளி அல்லாமல் இருக்கலாம். அதை மறைக்காமல் சொல்வதற்கு நான் பொறுப்பாளி. கேட்டவர் அதை நம்புவதற்குப் பொறுப்பாளி, நிரூபணம் வருகிறவரைக்குமாவது.

மருந்துக்கு எதிராக நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா கொல்லும். நெடுநாள் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் கொல்லும். மூச்சு நின்றவனுக்கு மனக்கோளாறு இல்லை, மனமே இல்லை. வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. கோபத்தில் குப்பையில் எறிவதற்கு இதில் ஒன்றுமில்லை.

*

ஆனால் சொல்லத் தெரியாதவர்களை என்ன செய்வது? என்னால் ‘நான் இப்படி இல்லையே’ என்று யோசிக்க முடிந்தது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ‘நான்’ ஒன்று கைவசம் இருந்தது. இந்த மருந்தை இரண்டு வயதுக் குழந்தைக்கு 4 மி.கி., ஆறு வயதுக்கு 5 மி.கி. என்று கொடுக்கிறார்கள். நான்கு வயதில் ஒருவன் இரவில் அலறி எழுந்தால், பகலில் தம்பியைக் கடித்தால், அவனிடம் ஒப்பிட என்ன இருக்கிறது? அவனுக்கு அதுதான் உலகம். வீட்டில் சேட்டை என்பார்கள்; எதையோ கண்டு பயந்திருக்கிறான் என்று விபூதி மந்திரித்துப் பூசுவார்கள். அடித்தாலும் அடிப்பார்கள். அந்த அடியை அவன் தான் செய்த தப்புக்கு வாங்கியதாகவே வளர்ந்த பிறகும் நினைத்துக்கொண்டிருப்பான்.

நம் ஊரில் இந்த மருந்து தனியாக வருவதைவிட, லெவோசெட்ரிசினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகத் தும்மலுக்கும் சளிக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. கடைக்காரர் அட்டையிலிருந்து ஐந்து மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டு, ராத்திரி ஒன்று என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார். கட்டம் கட்டிய எச்சரிக்கை அந்தத் துண்டில் வந்து சேர்வதில்லை. பெயரும் வெட்டில் பாதி போய்விடுகிறது. ஊமத்தையை வேலியோரத்தில் பார்க்கிற சிறுவனுக்குக்கூட அதன் பெயரே ஜாக்கிரதை சொல்லியிருந்தது. இந்தத் துண்டு அட்டையை வாங்கிப் போகிற தாய்க்கு அந்த ஒரு வார்த்தையை யாராவது வாயால் சொல்ல வேண்டும்: பிள்ளை ராத்திரி எப்படித் தூங்குகிறான், பகலில் எப்படி இருக்கிறான் என்று பார்த்துக்கொள், மாற்றம் தெரிந்தால் வந்து சொல். சொல்ல அரை நிமிஷம் ஆகும்.